யோசிக்கிற நேரம்

என் கடையின் பெயர் பூதத்தான் கம்ப்யூட்டர்ஸ். கம்ப்யூட்டர் என்னவோ ஒன்றுதான். பெயர்ப்பலகை எழுதியபோது மூன்று இருந்தன, இரண்டு காலமாகிவிட்டன. ஒன்றின் கூட்டின்மேல் தண்ணீர்க் கேன் உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்றின்மேல் மின்விசிறி. மூன்றாவதின் முன்னால் நான்.

தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், 2033-ஆம் வருடத்தில், இப்படி ஒரு கடை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்கிறாள். போனிடம் வாயால் சொன்னாலே ரயில் டிக்கெட் எடுத்து, ஜன்னல் ஓர இருக்கையும் பிடித்து, போய்ச் சேர்ந்ததும் குடையை மறந்துவிடாதே என்று சொல்கிற காலம் இது. ஆனால் அரசுப் படிவங்கள் மட்டும் பெரிய திரையில்தான் திறக்கும். சின்னத் திரையில் விதிமுறைகள் முழுதாகத் தெரியாது என்று எப்போதோ யாரோ ஓர் அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. முகம் தெரியாத அந்த மனிதர் புண்ணியத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

என் கவலை கம்ப்யூட்டர் அல்ல, பிரவுசர். கம்ப்யூட்டரோடு கூடவே வந்த பிரவுசர் அது, கழற்றவும் முடியாது. தமிழில் அதற்கு உலாவி என்று பெயர். என்னுடையது உண்மையாகவே உலாவியது. ஓய்வுபெற்ற தாசில்தார் மாலை நடை போகிற மாதிரி நின்று நின்று, நாலு பேரை விசாரித்துக்கொண்டு போகும். வாரிசுச் சான்றிதழுக்கு வந்த ஒருவர், பக்கம் திறப்பதற்குள் என் கடை நாளிதழை டெண்டர் அறிவிப்பு உட்படப் படித்து முடித்து மடித்தும் வைத்தார். எதிர்வரிசையில் பாக்கியநாதன் புதிதாகச் சேவை மையம் திறந்திருந்தார். என் கடையில் காத்திருப்பவர்கள் அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

ஆகவே வேறு பிரவுசர் தேடினேன். பெண் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு இடம் பார்க்கவில்லை.

முதலில் ஒன்று போட்டேன். மகா இலேசு. எப்படி அவ்வளவு இலேசு என்றால் படங்களைக் காட்டாது. ஓய்வூதியப் புதுப்பிப்புக்கு வந்த பெரியவர் தன் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, தான் இறந்துவிட்டதாகப் போட்டிருக்கிறார்களா என்று நிதானமாக விசாரித்தார். இரண்டாவது, விளம்பரங்களைத் தடுப்பது. தடுக்கிற உற்சாகத்தில் ‘சமர்ப்பி’ பொத்தானையும் தடுத்துவிட்டது. நாற்பது நிமிடம் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு அதை அனுப்ப வழியில்லாமல் நானும் ஓர் ஆட்டோக்காரரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வெளிநாட்டுச் சரக்கு. பறந்தது. ஆனால் தமிழைப் பிய்த்துப் போட்டது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அதில் எடுத்த சான்றிதழைக் கிராம நிர்வாக அலுவலர் தலைகீழாகத் திருப்பியும் படித்துப் பார்த்தாராம்.

நான்காவதுதான் தும்பி.

தும்பியைச் சொன்னவன் என் மனைவியின் தம்பி சங்கரபாகம். சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். நான் போட்ட அரை மணி நேரத்தில் அவனுக்குப் போன் செய்தேன். பக்கம் சொடுக்கிய உடனே வருகிறது என்று சொல்ல வந்தவன், உண்மையில் சொடுக்குவதற்கு முன்பே வருகிறது என்றேன். என் கண்ணில்தான் கோளாறோ என்று சந்தேகம்.

“கண்ணுல ஒண்ணும் இல்ல அத்தான். லைன் வேகத்தை எவனாலயும் கூட்ட முடியாது. இருக்கிறதுலயே ஸ்லோ எது தெரியுமா? ஆள் யோசிக்கிற நேரந்தான். தும்பி அதைத் தூக்கிட்டுது. நீங்க அடுத்து என்ன செய்வியன்னு பாத்து, செஞ்சு ரெடியா வச்சிரும்.”

“படிவத்தையுமா?”

“படிவந்தான அதுக்கு அல்வா. தமிழ்நாட்டுல பாதி சென்டர் இதுக்கு மாறியாச்சு. நீங்கதான் கடைசி.”

தும்பி என் பதினொரு வருடத்துப் பழைய பதிவுகளை எல்லாம் ஒரே மிடறில் விழுங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: இந்தக் கணினியைப் பயன்படுத்துவது யார்? இரண்டு விடைகள். ‘நான் மட்டும்’ என்பது ஒன்று. ‘பலர்’ என்பது மற்றொன்று. அதன் கீழே சின்ன எழுத்தில், ‘ஒவ்வொருவரையும் கேட்டுச் செய்யும், வேகம் குறையும்’ என்று இருந்தது. வேகம் குறையவா இத்தனை பாடு? ‘நான் மட்டும்’ என்று அழுத்தினேன். அதில் பொய்யும் இல்லை. எங்கள் மாதிரிக் கடைகளில் வருகிறவர் சொல்வார், நாங்கள் அழுத்துவோம். திரை எங்களைப் பார்த்து இருக்கும். பதினொரு வருடத்தில் அந்த மவுஸை என் கையைத் தவிர வேறு கை தொட்டதில்லை.

அடுத்த மூன்று வாரமும் என் வாழ்க்கையின் பொற்காலம். படியேறுகிறவர் பெயரை நான் தட்டுவதற்குள் அவருடைய மின் இணைப்பு எண் வந்து நிற்கும். பிறப்புச் சான்றிதழ் என்று வாயெடுத்தால் பிரிண்டர் காகிதத்தை இழுக்கும். எனக்கு ஏதோ யோக சித்தி கிடைத்துவிட்டதாக மார்க்கெட்டில் பேச்சு. நானும் மறுக்கவில்லை, பதில் சொல்வதற்கு முன் ஒரு விநாடி கண்ணை மூடித் திறப்பதைக்கூடப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு மரக்கடைக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரி விண்ணப்பம் போட வந்தார். அவர் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் உள்ளூர் மகளிர் கல்லூரி, பி.காம்., பேருந்து வசதி தேவை என்று எல்லாம் நிரம்பியிருந்தது. எப்படி இதெல்லாம் என்று அவர் வியந்தார். அனுபவம் என்றேன். அந்தப் பெண் என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

ஜூலை கடைசியில் உலகம்மாள் சிஸ்டர் வந்தார்.

பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் செவிலியர். நாற்பது, நாற்பத்தொன்று வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குத்தாலிங்கத்தின் வீட்டில் இருக்கிறார். குத்தாலிங்கம் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஓடவிட்ட பிறகுதான் சரியா என்று பார்ப்பார். அன்றைக்குச் செவிலியர் இடமாறுதல் கலந்தாய்வுக்குக் கடைசி நாள். வேண்டிய மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி மாலை ஐந்து மணிக்குள் ஓடிபி போட்டுப் பூட்டிவிட வேண்டும். பூட்டிய வரிசைப்படி இடம் கிடைத்தால் ஆறு வருடத்துக்கு அதுதான்.

மணி இரண்டு இருபது. அண்ணன் கவுண்டருக்கு முன்னால் நின்றார், தங்கை பின்னாலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். குத்தாலிங்கம் தங்கையின் பணி எண்ணைச் சொன்னார். நான் தட்டி முடித்தபோது பன்னிரண்டு மருத்துவமனைகளும் வரிசையாக நின்றன. தென்காசி முதலில். பிறகு செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று வீட்டிலிருந்து எட்ட எட்ட. நான் வாசித்தேன், அவர் தலையாட்டினார். தங்கையின் போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஓடிபி வந்தது, வாசித்தார், போட்டேன். பூட்டியாகிவிட்டது. மொத்தம் முப்பத்தெட்டு விநாடி. எதிர்க்கடையில் பாக்கியநாதன் பார்க்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். பார்க்கவில்லை. வருத்தமாக இருந்தது.

குத்தாலிங்கத்துக்குக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் எரிந்த மோட்டாரோடு வந்து நிற்கிறாராம். தங்கையை ஆட்டோவில் போகச் சொல்லிவிட்டு அவர் பைக்கைக் கிளப்பினார். நான் ரசீதைப் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். உலகம்மாள் அதை வாங்கவில்லை.

“அண்ணாச்சி, நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே.”

கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரல்தான். நான் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறது, தென்காசிதான் முதலில், கவலைப்படாதீர்கள் என்றேன்.

“எனக்கு வால்பாறை வேணும்.”

நான் சிரித்தேன். மன்னிக்க வேண்டும், சிரித்தேன். இங்கிருந்து எப்படிப் போனாலும் ஒரு பகல் முழுக்க ஆகிற ஊர். மேலே போய்விட்டால் அட்டை, குளிர், யானை. அங்கே யாராவது சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. அதான்.”

அதற்குமேல் என்னால் சிரிக்க முடியவில்லை.

பூட்டியதை ஒரே ஒரு தடவை திறந்து திருத்தலாம், திறந்ததை ஐந்துக்குள் மறுபடி பூட்டாவிட்டால் விண்ணப்பமே செல்லாது என்று விதி இருந்தது. திறந்தேன். தென்காசியை அழித்துவிட்டு வால்பாறை என்று அடித்தேன். அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் அது தென்காசி ஆகிவிட்டது. என் விரல்தான் தப்பு என்று மறுபடி அடித்தேன். மறுபடி தென்காசி. மூன்றாம் முறை தும்பி ஓரத்தில் ஒரு சின்னக் குறிப்புப் போட்டது, மிகவும் மரியாதையாக: ‘நீங்கள் வழக்கமாக இப்படித் தேர்வதில்லை. சரிசெய்துவிட்டேன்.’ நாலாம் முறை அது தானே பூட்டப் போனது. நெட் கேபிளைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்.

சங்கரபாகத்துக்குப் போன் போட்டேன். உன் தும்பிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஆரம்பித்து முழுக்கதையும் சொன்னேன். பயனர் குறிப்பு என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதைத் திறந்து வாசியுங்கள் என்றான். திறந்தேன்.

பயனர் பெயர் பூதத்தான். கீழே அவரைப் பற்றித் தும்பி தெரிந்துகொண்டவை. இவர் அவசரக்காரர். மதியம் ஒன்றரைக்கு மேல் எழுத்துப் பிழை கூடும். ஆண்களின் படிவங்களில் இவர் தேர்வு பலவிதமாக இருக்கிறது, முன்கூட்டிச் சொல்வது கடினம். பெண்களின் படிவங்களில் எளிது: வீட்டுக்கு மிக அருகில் உள்ள இடம். நூற்றில் தொண்ணூற்றெட்டு. தொடர்பு எண், தந்தை அல்லது கணவர் அல்லது சகோதரர். ‘காரணம்’ என்ற கட்டத்தில் எப்போதும் ‘குடும்பச் சூழல்’.

நான் போனில் முனகினேன்.

“ஏய், நான் ஆளைக் கேட்டுட்டுத்தாம்ல போடுவேன்.”

“யார்ட்ட அத்தான்?” என்றான் சங்கரபாகம்.

அவன் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தகவலுக்காகத்தான் கேட்டான். அதனால்தான் தாங்க முடியவில்லை. வருகிறவர்களில் கவுண்டர்மேல் கையை ஊன்றி நிற்பவரிடம் கேட்பேன். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் படிவம். இந்தச் சின்ன விஷயம் பதினொரு வருடமாக என் கண்ணில் படவில்லை. ஒரு பிரவுசர் மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது, அதையும் என் திறமை என்று நினைத்துக்கொண்டு.

இப்போது ‘பலர்’ என்று மாற்ற முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் கற்றதை மறக்க அதற்கு ஒரு நாள் பிடிக்கும் என்றான். எனக்கு அதைவிட அதிகம் பிடிக்கும் என்று தோன்றியது.

மணி மூன்று பத்து. மிச்சமிருந்தது கழற்ற முடியாத அந்தப் பழைய பிரவுசர்தான். கேபிளைச் செருகி அதைத் திறந்தேன். அது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. வட்டம் சுற்றத் தொடங்கியது.

திரையை உலகம்மாள் பக்கம் திருப்பப் பார்த்தேன், ஒயர் எட்டவில்லை. கடைசியில் நான் எழுந்து, சிஸ்டர், நீங்களே இங்கே வந்து உட்காருங்கள் என்றேன். அவர் தயங்கித்தான் வந்தார். நான் சுற்றிக்கொண்டு கவுண்டருக்கு வெளியே போய் நின்றேன். சொந்தக் கடையில் நான் அங்கே நின்றதே இல்லை. அங்கிருந்து பார்த்தால் தெரிவது மானிட்டரின் முதுகு. ஒரு வரிசைக் காற்றுத் துளை, ஒட்டடை, கம்பெனிக்காரன் ஒட்டிய எச்சரிக்கை. ஊரே தன் படிப்பையும் உத்தியோகத்தையும் கல்யாணப் பதிவையும் இந்த முதுகைப் பார்த்தபடிதான் என்னிடம் ஒப்படைத்திருக்கிறது.

வட்டம் சுற்றியது. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. எனக்கு அது வராது என்பதால் பிரவுசரைத் திட்டினேன். இந்தத் தும்பி சனியனைப் போடாமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்றேன். உலகம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

“ஆறு வருசத்துக்கு முன்னாடியும் இங்கதான் அண்ணாச்சி வந்தோம். அப்பத் தும்பி கிடையாது. உங்க கைதான் வேகம்.”

எனக்கு நினைவில்லை. அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு மழை, அண்ணன் ரெயின்கோட்டோடு நின்றிருந்தார், நான் பட்டாணி தின்றுகொண்டே தட்டினேனாம். அன்று எந்த ஊர் போட நினைத்தீர்கள் என்று கேட்டேன். அன்றும் வால்பாறைதான். ஒரு தடவை பயிற்சிக்குப் பொள்ளாச்சி போனபோது அந்த ஊர் பெயர் போட்ட பேருந்து ஒன்று எதிரே போனதாம். ஏறவில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்.

இங்கே என்ன கஷ்டம் என்று கேட்டேன். ஒரு கஷ்டமும் இல்லை என்றார். அண்ணனும் மதினியும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் சிஸ்டர், வீட்டுக்கு வந்தால் அத்தை, தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கதவைத் தட்டுவார்கள். யாரும் தப்பாக நடத்தவில்லை. ஆனால் காலையில் எழுந்தால் அன்றைக்கு முழுவதும் தான் என்ன செய்வோம் என்பது ஊருக்கே தெரியும். தனக்கு மட்டும்தான் அதில் சொல்ல எதுவும் இல்லை என்றார். சொல்லிவிட்டு, இதை இப்படிச் சொல்லலாம் என்றே இவ்வளவு நாளும் தெரியவில்லை என்றும் சொன்னார்.

மூன்று முப்பத்தைந்துக்குப் பக்கம் திறந்தது. அவர் ஒற்றை விரலால் வால்பாறை என்று அடித்தார். அப்படியே நின்றது. இரண்டாவதாக என்ன போடலாம் என்று என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரை கடையநல்லூர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நீங்கதான் சொல்லணும் என்றேன். அவர் யோசித்தார். பாக்கியநாதன் கடையில் மூன்று பேர் வேலை முடித்துப் போய்விட்டார்கள், இவர் இன்னும் யோசித்தார். பிறகு கூடலூர், ஏற்காடு என்று மலையாகவே அடுக்கி, எட்டாவதாக என்ன நினைத்தாரோ, நாகப்பட்டினம் என்று போட்டார். கடலும் இருக்கட்டும் என்றார். காரணம் கேட்ட கட்டத்தில் விரல் நெடுநேரம் நின்றது. பின் ‘என் விருப்பம்’ என்று அடித்தார்.

பூட்ட ஓடிபி வேண்டும். அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. போன் அண்ணன் சட்டைப்பையில்.

நாலு பதினைந்து. நான் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டேன். அதில் வருகிற எண்ணைப் போனிலேயே வாசிக்கச் சொல்லிவிடலாம், எதற்கு என்று கேட்டால் சர்வர் கோளாறு, மறுபடி கேட்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். எங்கள் தொழிலில் அந்த ஒரு பொய்க்குத்தான் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. உலகம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“வரச் சொல்லுங்க. நேர்லயே சொல்லுதேன்.”

குத்தாலிங்கம் வருவதற்கு நாலு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. கையெல்லாம் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ். தங்கை என் நாற்காலியிலும் நான் வெளியேயும் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தப்பான கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி நின்றார். உலகம்மாள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடி உட்கார முடியாது என்று பயந்தார் போல.

“அண்ணே, நான் மாத்திட்டேன். வால்பாறை போட்டிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் காற்றுத் துளைகளைப் பார்த்தேன்.

“வால்பாறையா? ஏட்டி, பிள்ளையள யாரு பாக்குது? ஒம் மதினி பேங்குல இருந்து வர ஏழாவுது.”

“நீ பாரு. எரிஞ்ச மோட்டாரையே பாக்குத.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதெல்லாம் நியாயம்தான். குளிர் ஒத்துக்கொள்ளாது, உனக்கு வீசிங் உண்டு, ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடக்க வேண்டும், யானை குவார்ட்டர்ஸ் வரை வருகிறதாம், செய்தியில் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் உலகம்மாள் ஆமாம் என்றார். ஆமாம் ஆமாம் என்று சொல்கிறவரோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? நாலு நாற்பத்தாறுக்கு அண்ணனுக்குக் காரணங்கள் தீர்ந்துவிட்டன.

“அப்பமே சொல்லுததுக்கு என்னட்டி?”

“கேட்டாத்தான சொல்ல.”

குத்தாலிங்கம் கொஞ்ச நேரம் தன் கையிலிருந்த வார்னிஷைச் சுரண்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, மனவருத்தத்தோடு, “நீங்களாவது கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி?” என்றார்.

“கேட்டிருக்கலாம்” என்றேன். அன்று நான் பிழையில்லாமல் செய்த ஒரே பதிவு அதுதான்.

உலகம்மாள் பொத்தானை அழுத்தினார். சட்டைப்பைக்குள் போன் மணியடித்தது. அண்ணன் எடுத்துப் பார்த்தார். எண்ணை மனசுக்குள் வாசிப்பது உதட்டில் தெரிந்தது. ஆறு இலக்கம். அதைச் சொல்லாமல் பத்து நிமிடம் நின்றாலே போதும். தென்காசியும் இல்லை, வால்பாறையும் இல்லை, இந்த முறைக்கு விண்ணப்பமே இல்லை என்று ஆகிவிடும். தங்கை பழைய இடத்திலேயே இருப்பார். அது அவருக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும்.

அவர் எண்ணை வாசிக்கவில்லை. போனைத் துடைத்து, விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஒன் போன நீயே வச்சுக்க.”

உலகம்மாள் தானே பார்த்து, தானே அடித்தார். நாலு ஐம்பத்திரண்டு. வட்டம் சுற்றத் தொடங்கியது. குத்தாலிங்கம் கவுண்டரைச் சுற்றிவந்து தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நானும் போய் நின்றேன். மூன்று பேரும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அவசரப்படவில்லை. நாலு ஐம்பத்தேழுக்குப் பச்சை எழுத்தில் பதிவானது என்று வந்தபோது, வால்பாறையில் வீசிங்குக்கு நல்ல டாக்டர் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கச் சொன்னார் குத்தாலிங்கம். அங்கே போகப்போகிற நர்ஸே இவர்தான் என்று நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் தும்பியில் ‘பலர்’ என்று மாற்றினேன். இப்போது அது ஒவ்வொருவரையும் கேட்கிறது, வேகம் குறைந்துவிட்டது. கவுண்டரை அறுத்துத் திரை இரண்டு பக்கமும் திரும்புகிற மாதிரி செய்தேன். வாடிக்கையில் கால்வாசி எதிர்க்கடைக்குப் போய்விட்டது, பாக்கியநாதன் தும்பியை ‘நான் மட்டும்’ என்றுதான் வைத்திருக்கிறார். மரக்கடைக்காரர் மகளைத் தேடிப்போய் விசாரித்தேன். தாவரவியல் படிக்க ஆசைப்பட்டதாம். திருத்துகிற தேதி முடிந்துவிட்டது. அடுத்த வருடம் கண்டிப்பாக வா என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம்தான், அவள் அப்பாவிடம் இல்லை. அந்த ஒரு வருடத்துக்கு நான் என்ன பதில் சொன்னாலும் போதாது.

மூன்று வாரம் கழித்து உலகம்மாள் தனியாக வந்தார். ஆணை வந்திருந்தது. நான் எழுந்து இடம் கொடுத்தேன். அவரே உட்கார்ந்து திறந்தார். முதல் விருப்பமே கிடைத்துவிட்டது. வால்பாறை அரசு மருத்துவமனை, பதினைந்து நாளில் சேர வேண்டும். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எடுக்கும்போது கடைசி வரி கண்ணில் பட்டது. வழக்கமாக அங்கே, கேட்ட ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று முந்நூறு, நானூறு என்று இருக்கும்.

அவரும் அங்கேதான் விரலை வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, மாநிலம் முழுக்க எத்தனை பேரு போட்டிருப்பாங்க?”

இடமாறுதல் கேட்ட செவிலியர் மூவாயிரத்துச் சொச்சம் என்று செய்தியில் சொன்னார்கள் என்றேன்.

“வால்பாறைக்கு ஒரே ஆளு. கூடலூருக்கும் நான் ஒருத்திதானாம்.” அவர் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். மலைக்குப் போக இந்த உலகத்தில் வேறு யாருக்குமே ஆசை இருந்திருக்காதா என்று யோசிக்கிற முகம். பிறகு அது தெளிந்தது.

“பாவம், மத்தவங்களுக்கெல்லாம் பேஜ் சீக்கிரமா வந்திருக்கும்.”